எச்சில் இலையைப் பிரித்துப் பார்த்த அரசன்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம். அந்தக் காலத்தில் கூவிளநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் ஆதன்மாறன் என்று ஓர் அரசன். பசியோடு இருப்பவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருங்கள். இந்தக் கதை முழுக்கச் சாப்பாடுதான். பாதியில் எழுந்து போனால் எனக்குக் கோபம் வரும்.

ஆதன்மாறன் ஏரி வெட்டினான், சாலை போட்டான், மரம் நட்டான். அதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவனைப் பிடித்திருந்த நோய் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சந்தேகம்.

பால் வெள்ளையாக இருந்தால், ஏன் இவ்வளவு வெள்ளை என்று கேட்பான். நாய் குரைத்தால், யாரைப் பார்த்துக் குரைத்தது என்று கேட்பான். குரைக்காமல் படுத்திருந்தால், அதன் வாயை யார் கட்டியது என்று கேட்பான்.

சாப்பாட்டு விஷயத்தில் அது தலைவிரித்து ஆடியது. அரண்மனைச் சமையலுக்கு அவன் மூன்று சட்டங்கள் போட்டிருந்தான்.

முதல் சட்டம்: சமைப்பவர் தினமும் காலையில் சமையற்கட்டுக்குள் நுழையும்போது, காவலன் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் திருப்பி, நகக்கண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் சட்டம்: ஒவ்வொரு பானையிலிருந்தும் மூன்று பேர் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். அவர்கள் ஒரு நாழிகை உயிரோடு உட்கார்ந்திருந்தால்தான் அந்தப் பானை கூடத்துக்குப் போகும்.

மூன்றாம் சட்டத்தைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விருந்தாளிகள் சாப்பிட்டு மடித்த இலையை மாட்டுக்குப் போடக் கூடாது. ஒவ்வோர் இலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எவன் எதைத் தின்றான், எதை ஒதுக்கினான் என்று தெரிந்தால் அவன் மனசு தெரிந்துவிடும் என்பது அரசனின் எண்ணம். இந்த வேலைக்கென்றே பூதன் என்று ஒருவனை வைத்திருந்தான். பந்தி தொடங்கும்போதே பூதன் கூடையும் கையுமாகக் கூடத்தின் கோடியில் வந்து நின்றுகொள்வான். எச்சில் இலைக்கு ஓர் அதிகாரி! நாடு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள், அரசன் காதில் விழாத தூரத்தில்.

முதல் சமையற்காரர் சோற்றில் ஒரு கல் கிடந்தது. அவரை நாடு கடத்தினான். இரண்டாம் சமையற்காரர் கீரையில் ஒரு வண்டு கிடந்தது. அவரைச் சிறையில் போட்டான். மூன்றாவதாக வந்தவள் மாசாத்தி. "மூன்றாம் முறை தலைதான்" என்று சொல்லியே அவளை வேலைக்கு எடுத்தான். புருஷன் முதுகு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்ததால், அவளும் தலையை ஆட்டிவிட்டு அடுப்பை மூட்டினாள்.

அந்த வருஷம் அரண்மனைக் களஞ்சியத்தைக் காத்து வந்தவர் இறந்துபோனார். நாட்டின் மூன்று வருஷத்து நெல் அந்தக் களஞ்சியத்தில் இருந்தது. அதன் சாவியை யாரிடம் கொடுப்பது? அரசன் யாரையும் நம்பவில்லை. சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டே தூங்கினான், அது விலாவில் குத்தியது.

கடைசியில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு நண்பகல் விருந்துக்கு அழைத்தான். சாப்பிடும்போது மனிதன் தன்னை மறந்துவிடுவான், அப்போது அவன் குட்டு வெளிப்படும் என்று கணக்குப் போட்டான். தான் பந்தியில் உட்காரவில்லை. கூடத்து ஓரத்தில் ஒரு மரத்தட்டியை நிறுத்தி, அதில் ஓர் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றான். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஓட்டை வழியாகப் பார்க்கிற வீடு உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்.

முதல் விருந்தாளி கொற்றன், குதிரை வாங்கி விற்பவன். இரண்டாம் விருந்தாளி நன்னாகன், அரண்மனை ஓலைகளை எழுதுபவன். மூன்றாம் விருந்தாளி வேம்பன், மேட்டுக்குடி என்ற சின்ன ஊரில் ஏரி மதகைத் திறந்து மூடுகிறவன். முதல் இருவருக்கும் அரசனின் குணம் அத்துபடி. வேம்பனுக்கு அரண்மனையே அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூன்று இலை போட்டார்கள். மூவரும் உட்கார்ந்தார்கள். பறையடிப்பவன் வந்து மூன்று தட்டுத் தட்டி, வழக்கம்போல அறிவித்தான்.

"விருந்தாளிகளே, கேளுங்கள்! இலையில் உங்களுக்குக் கேடு செய்யும் பொருள் எதைக் கண்டாலும் உடனே சொல்லுங்கள். சமைத்தவளின் தலை இன்றே உருளும். மடித்த இலைகளைப் பூதன் பிரித்துப் பார்ப்பான். ஆகையால் அச்சமின்றி உண்ணுங்கள்!"

இதைக் கேட்ட பிறகு அச்சமின்றிச் சோறு எப்படி இறங்கும்? வேம்பன் நிமிர்ந்து பார்த்தான். கையில் குழம்புச் சட்டியோடு சமைத்தவளே பரிமாற வந்து நின்றாள். அவளுடைய இடது கையில் ஒரு சங்கு வளையல் இருந்தது. வலது கை வெறுமையாக இருந்தது. மணிக்கட்டில் புதிதாக ஒரு கீறல்.

சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது.

கொற்றன் ஓரக்கண்ணால் தட்டியின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டான். பிறகு தன் இலையை இழுத்து நன்னாகன் முன்னால் வைத்து, நன்னாகன் இலையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டான். வடையைப் பிட்டு, பிட்டதை மறுபடி பிட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

தட்டிக்குப் பின்னால் அரசன் மகிழ்ந்தான். 'ஆகா, இவன் எச்சரிக்கைக்காரன்!'

நன்னாகன் சும்மா இருப்பானா? வாழைக்காய்க் கறியிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து உயர்த்திப் பிடித்து, "இது என்ன? இது என்ன?" என்று கூவினான். மூன்று காவலர்கள் ஓடி வந்தார்கள். கடைசியில் அது கிராம்பு.

அரசன் இன்னும் மகிழ்ந்தான். 'இவன் கண்ணில் எதுவும் தப்பாது!'

மூன்றாமவன் மட்டும் இலையைப் பார்த்துக் கும்பிட்டான். பக்கத்து இலைகளுக்கெல்லாம் பரிமாறி முடியும்வரை காத்திருந்தான். பிறகு நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டான்.

அரசனின் புருவம் சுருங்கியது. 'இவன் மட்டும் ஏன் பயப்படவில்லை? எதில் என்ன இருக்கிறது என்று இவனுக்கு முன்கூட்டியே தெரியுமோ?'

அடுத்தது புளிக்குழம்பு. பரிமாற்றம் வேம்பன் பக்கத்திலிருந்து தொடங்கியது. சோற்றைக் குழித்து அவன் குழம்பை வாங்கினான், பிசைந்தான், ஒரு கவளம் வாயில் வைத்தான்.

நறுக்கென்று ஏதோ கடிபட்டது.

நாக்கின் ஓரத்தில் சுரீர் என்றது. வாய்க்குள் ரத்தத்தின் உப்புக் கரித்தது. நாக்கால் தடவிப் பார்த்தான். எலும்பு இல்லை, கல் இல்லை. மெல்லியதாக, வளைவாக, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கூராகவும் இருந்தது. சங்கு வளையலின் துண்டு.

மாசாத்தியின் வெறும் கையை இன்னொரு தடவை பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் விளங்கியது.

இலையில் துப்பினால் ஒரு தலை உருளும். இலையோரம் ஒதுக்கி மடித்துவிடலாம் என்றால், கோடியில் பூதன் கூடையோடு நிற்கிறான். விழுங்கினால் தன் குடல் கிழியும். என்ன செய்வது?

வேம்பன் இருமினான். இருமிக்கொண்டே மேல்துண்டை இடக்கையால் எடுத்து வாயைப் பொத்தினான். துண்டை இறக்கியபோது, வாயில் இருந்தது துண்டின் முனைக்குப் போய், துண்டின் முனை மடிக்குள் போய்விட்டது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்து ரத்தத்தை உள்ளே தள்ளினான்.

ஓட்டையில் இருந்த கண் இமைக்க மறந்தது. 'எதையோ ஒளிக்கிறான்!'

மாசாத்தி அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அந்தச் சட்டியில் இன்னும் வளையல் துண்டு கிடந்தால்? வேம்பன் சட்டென்று கையை நீட்டினான்.

"தாயி, இந்தக் குழம்பு ரொம்ப நல்லாருக்கு. யாருக்கும் ஊத்தாதீங்க. சட்டியோட எனக்கே வச்சிருங்க."

கொற்றன் முகத்தைச் சுளித்தான். "என்னய்யா, பத்து நாளாப் பட்டினியா?"

"ஆமாங்க, கொஞ்சம் பேராசைதான்" என்று வேம்பன் சிரித்தான். வாயை அதிகம் திறக்காமல் சிரித்தான்.

சட்டியைக் கொடுத்துவிட்டு மாசாத்தி பாயசம் கிண்டச் சமையற்கட்டுக்குப் போனாள். வேம்பன் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினான். இரண்டாவது துண்டு கிடைத்தது. இருமினான், அது மடிக்குள் போயிற்று. மூன்றாவது துண்டு கிடைத்தது. மறுபடி இருமினான், அதுவும் மடிக்குள் போயிற்று.

அரசனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். ஓட்டையில் அழுந்திய கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது.

"மடியில என்ன?" என்று கேட்டான்.

வேம்பன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். "சாப்பாட்டுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க, மகாராசா."

"சாப்பாட்டைக் கேக்கல. மடியில என்ன?"

"குழம்பு அமிர்தமா இருந்துச்சுங்க, மகாராசா."

"மூணாம் தடவை கேக்கறேன். மடியில என்ன?"

வேம்பன் தலை குனிந்துகொண்டான். அவன் உதட்டோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது.

காவலன் அவன் மடியைப் பிடித்து இழுத்தான். மூன்று துண்டுகளும் கல்தரையில் விழுந்து சத்தம் போட்டன.

அரசன் ஒன்றைப் பொறுக்கி விரலால் தடவினான். விரல் கீறியது. "அப்படியா! வாளோட வந்தா வாசல்ல பிடிச்சிருவாங்கன்னு, சங்கைத் தீட்டி மடியில வச்சிட்டு வந்திருக்கே. யாரோட கழுத்துக்கு இது?"

"நான் அப்பவே நெனச்சேன், அரசே" என்றான் கொற்றன்.

"அந்த முழியே சரியில்லை, அரசே" என்றான் நன்னாகன்.

"இது யாரோடது? சொல்லு" என்று அரசன் கத்தினான்.

ஒரே ஒரு வார்த்தை போதும். 'குழம்பில் கிடந்தது' என்று சொன்னால் வேம்பன் பிழைப்பான், களஞ்சியத்துச் சாவிகூடக் கிடைக்கும். அவன் சொல்லவில்லை.

"என் மடியில இருந்துச்சு, மகாராசா. அதனால என்னோடதுதான்."

காவலன் வாளை உருவினான். அப்போது சமையற்கட்டு வாசலிலிருந்து, "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் வந்தது.

மாசாத்தி ஓடி வந்தாள். அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் வந்தாள். "அது அவரோடது இல்ல, மகாராசா. என் கல்யாண வளையலு. வெடிச்சிருந்துச்சு. சமைக்கையில எப்ப உடைஞ்சு விழுந்துச்சுன்னு தெரியல. அடுப்பு மூலையில தேடினேன், வெறகுக்கு அடியில தேடினேன். சட்டிக்குள்ள விழுந்திருக்கும்னு நெனக்கலையே! என் தலைய எடுத்துக்கங்க. சாப்பிட வந்த மனுசன விட்டுருங்க."

அரசன் தரையில் உட்கார்ந்து மூன்று துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். சந்தேகத்தோடுதான் சேர்த்தான். ஒரு சில்லுகூடக் குறையாமல் வட்டம் முழுசாகக் கூடியது. அவள் இடது கை வளையலுக்கு அது இணையாக இருந்தது.

இப்போது அவன் யாரைச் சந்தேகிப்பான்? ஒருத்தன் சாகத் தயாராக நின்று பொய் சொல்கிறான். ஒருத்தி சாகத் தயாராக ஓடி வந்து உண்மை சொல்கிறாள். இரண்டு பேரில் ஒருவருக்கும் இதில் லாபம் இல்லை. அரசனுக்கு இது பழக்கமில்லாத விஷயம்.

ஆனாலும் பழகிய நோய் அவ்வளவு சுலபத்தில் விடுமா? அரசன் வேம்பன் பக்கம் திரும்பினான்.

"இவ்வளவு நல்லா ஒளிக்கத் தெரிஞ்சவன், நாளைக்கு என் நெல்லையும் ஒளிக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"மகாராசா, நான் ஒளிச்சது உங்க பொருளை இல்லீங்க. உங்க வீட்டுக் குறையை" என்றான் வேம்பன். "சோறு போட்ட வீட்டுல ஒரு குறை கண்ணுல பட்டா, அதை வெளிய தெரியாம எடுத்துட்டுப் போறதுதான் எங்க ஊர்ப் பழக்கம். நான் சாப்பிட வந்தேன். சாப்பாட்டுக்கு ஒரு தலைய வாங்கிட்டுப் போக வரல."

அரசன் மாசாத்தியைப் பார்த்தான்.

"வளையல் எப்படி வெடிச்சுது?"

அவள் வாள் பிடித்திருந்த காவலனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

காவலனின் முகம் வெளுத்தது. "அரசே, காலையில நகக்கண்ணைப் பார்க்கக் கையைத் திருப்பினேன். கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டேன். அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. தங்கள் கட்டளைதானே, அரசே..."

அரசன் தன் கீறிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டிக்குள் அந்தத் துண்டுகளைப் போட்டது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் தேடிய ஆளை அவன் அன்றைக்குத்தான் தனக்குள்ளேயே கண்டுபிடித்தான், பாவம்.

"இன்னொரு இலை போடுங்க" என்றான்.

வேம்பனுக்குப் பக்கத்தில் நாலாவது இலை விழுந்தது. அரசன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ருசி பார்க்கும் மூன்று பேரும் வழக்கம்போல முன்னால் வந்தார்கள். அரசன் கையை அசைத்து அவர்களைப் போகச் சொன்னான்.

"சாப்பாட்டுல இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டான்.

"பாயசம்..." என்றாள் மாசாத்தி. சொல்லும்போதே அவள் முகம் மாறியது. இத்தனை நேரம் பாயசத்தைக் கிண்ட ஆள் இல்லை. தீய்ந்த வாசனை கூடத்துக்கே வந்துவிட்டது.

வேறு வழியில்லை. அவள் பாயசத்தைக் கொண்டு வந்து ஊற்றினாள். பழுப்பாக இருந்தது, நடுவில் கறுப்புக் கறுப்பாக ஏடு மிதந்தது. நன்னாகன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது அடிப்பிடி..." என்று தொடங்கினான். அரசன் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். நன்னாகனின் வாய் தானாக மூடிக்கொண்டது.

அரசன் பாயசத்தை உள்ளங்கையில் வழித்து உறிஞ்சினான். கரிந்த கசப்பு தொண்டைவரை இறங்கியது. மாசாத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பறையடிப்பவன் பறையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டான்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்றான் அரசன்.

கொற்றனும் நன்னாகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் பாயசத்தைக் குடித்தார்கள். வேம்பன் முன்பே இரண்டாம் கரண்டிக்குக் கையைக் குவித்துவிட்டிருந்தான். கீறிய நாக்கில் சூடு பட்டு எரிந்தது. அதையும் அவன் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அரசன் எழவில்லை. பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தான். மனம் நிறைந்தது, மறுபடியும் வருவேன் என்பதற்கு விருந்தாளி காட்டும் அடையாளம் அது. தன் வீட்டிலேயே அவன் அன்றைக்கு விருந்தாளியாக இருந்தான்.

பூதன் கூடையோடு வந்து குனிந்தான். அரசன் மடித்த இலையின்மேல் கையை வைத்தான்.

"பிரிக்காதே. மாட்டுக்குப் போடு" என்றான்.

கொற்றனுக்கும் நன்னாகனுக்கும் வெற்றிலை பாக்குக் கொடுத்து, வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினான். களஞ்சியத்துச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து வேம்பன் கையில் கொடுத்தான். சிறையில் இருந்த பழைய சமையற்காரரை விடுவித்தான், நாடு கடத்தியவரைத் திரும்ப அழைத்தான். மாசாத்திக்குப் புதிதாக ஒரு ஜோடி சங்கு வளையல் வந்தது. அதன் பிறகு எந்தக் காவலனும் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. தட்டியில் இருந்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. வெட்கம் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அரசனே விட்டுவைத்தானாம்.

சாப்பிட்டவர்கள் வயிறு நிறைந்தது, கேட்டவர்கள் காது நிறைந்தது, கதை இங்கே இலையை மடிக்கிறது. இந்தக் கதை சொல்லும் நீதி: விருந்துக்குப் போன வீட்டில் கண்ணில் பட்ட குறையை யாருக்கும் தெரியாமல் மடித்துக்கொண்டு வருவதே நல்ல விருந்தாளிக்கு அழகு.